அயலவர் சாளரம்

இலண்டன் மாநகரிலே 1341ஆம் ஆண்டு இசபெல் என்னும் விதவை அம்மையார், தம் தோட்டத்தைச் சூழ்ந்திருந்த அயலவர் பலர்மீது நகரபிதாவிடம் முறையிட்டார். ஒருவர் வீட்டுச் சாளரங்களின் கண்ணாடிகள் உடைந்து கிடந்தன. அவ்வழியே அவரும் ஏவலாளரும் தோட்டத்தை நோக்கினர். மீன் வாணிகர் ஒருவரோ தம் மதிலின்மேல் ஈயம் வேய்ந்த காவற்பரண் ஒன்றை வைத்திருந்தார். அவரும் அவர் வீட்டாரும் நாள்தோறும் அதிலேறி நின்று அம்மையாரையும் பணியாட்களையும் பார்த்துக்கொண்டிருந்தனர். மீன் விற்பவருக்குக் காவற்பரண் எதற்கு?

இத்தகைய வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே அந்நகரில் ஒரு மன்று இருந்தது. முதல் நகரபிதாவான ஹென்றி பிற்ஸ் எய்ல்வினின் பெயரால் வழங்கிய கட்டட விதிகளே அதற்கு அடிப்படை. தீக்கு அஞ்சி எழுந்த விதிகள் அவை. அயலவர் இருவரும் தத்தம் நிலத்தில் ஒன்றரை அடி விட்டு, 3 அடி தடிப்பும் 16 அடி உயரமுங் கொண்ட பொதுக் கற்சுவர் எழுப்பலாம். சாளரத்துக்கும் அதே 16 அடிதான் அளவுகோல். அதற்குக் கீழே பிறர் வளவை நோக்கிச் சாளரம் திறப்பது குற்றம்.

முறையீடு வந்ததும் நகரபிதாவும் நகர மூப்பரும் நேரே அவ்விடத்துக்குச் சென்றனர். சத்தியஞ் செய்த கொத்தரும் தச்சரும் பார்த்துக் கூறினர். பிழை கண்டால் 40 நாட்களுள் திருத்தவேண்டும். ஆயினும் விதி அளந்தது சுவரையே, பார்வையை அன்று. பதினேழாம் அடியிலே சாளரம் வைத்தவரை அது தொடாது.

பிற்கால ஆங்கிலச் சட்டம் இந்த அளவையும் கைவிட்டது. சாளரத்தின் வழியே பார்ப்பதற்கு வழக்கில்லை. விரும்பாதவர் தம் நிலத்திலே மறைப்புக் கட்டிக்கொள்ளலாம் என்றனர் நீதிபதிகள். காசுள்ளவருக்குப் பொருந்தும் நியாயம் அது.

அதே இலண்டனில் 2016ஆம் ஆண்டு டேற் மொடேண் கலைக்கூடம் தன் புதிய கட்டடத்தின் உச்சியிலே காட்சிமாடம் ஒன்றைத் திறந்தது. ஆண்டுதோறும் ஐந்து இலட்சத்துக்குக் குறையாதோர் அங்கே ஏறினர். அவர்களுட் பலர் எதிரே கண்ணாடிச் சுவருடைய தொடர்மாடி வீடுகளுக்குள் நோக்கினர். சிலர் படமும் பிடித்தனர். வீட்டார் தொடுத்த வழக்கை 2019இல் மேல் நீதிமன்றமும் 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளின. திரைச்சீலை இடலாமே என்றும் சொல்லப்பட்டது. தம் வீட்டினுள்ளேயே ஒளிந்து வாழவேண்டும் என்பதன்றோ அதன் பொருள்!

2023 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஐவருள் மூவர் கருத்துப்படி, வீட்டார் பக்கம் தீர்ப்பளித்தது. எதிர்வீட்டார் சாளரத்தால் பார்ப்பது வேறு. பார்ப்பதற்கென்றே மாடம் அமைத்து ஊராரை நாள்தோறும் ஏற்றுவது வேறு என்பது அதன் கருத்து. இசபெல் அம்மையார் ஈயப்பரணைச் சுட்டிக் கூறியதும் ஏறக்குறைய இதுவே.