கல்லில் ஏறிய பெயரும் செக்ரோலில் ஏறிய பெயரும்

படைக்குச் சென்ற முன்னோரை நினைவுகூரும் வாய்ப்பு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வகையிற் கிட்டுவதில்லை. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் வரலாறு இதனை நன்கு உணர்த்தும்.

1900இல் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. அதில் ஐரோப்பியரே இடம்பெற்றனர். 1914இல் அவர்களுள் 200க்கும் மேற்பட்டோர் எகிப்துக்குச் சென்றனர்; 1915இல் கலிப்பொலியிலே தளபதி பேர்ட்வூட்டின் மெய்காவலராக நின்றோரும் இவர்களிடையே இருந்தனர். போரில் மாண்ட துரைமாரின் பெயர்களைத் தேவாலய நினைவுக்கற்கள் தாங்கின.

துரை களத்தில் நின்றபோதும் மலையிற் கொழுந்தெடுப்பு நின்றதில்லை. 1940இல் பிரித்தானியாவிலே தேயிலை பங்கீட்டுப் பொருளாயிற்று என்பதை நோக்கின், அவ்வுழைப்பும் போருக்களித்த உழைப்பே என்பது புலனாகும். ஆயின் தொழிலாளியின் பெயர் ஏறியது செக்ரோலில் மட்டுமே. தோட்ட வழக்கிற் 'பேர்' என்பதே ஒருநாட் கூலியைக் குறிக்கும். பாதிக் கூலி 'அரைப்பேர்'. (பெயரே கூலியின் அளவையான இவ்வழக்கு தனித்து ஆராயத்தக்கது.)

மலாயா இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோரும் இத்தகைய தமிழகக் கிராமத்து ஏழைகளே. அவர்களிற் பலர், பெண்கள் உட்பட, 1943இல் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். அக்குடும்பங்களுக்குச் சொல்ல ஒரு படைக்கதை உண்டு. இங்கோ 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டிலே துரைமார் படை கலைக்கப்பட்டது. இலங்கை இராணுவம் உருவானதும் அவ்வாண்டே. நாடற்றவன் எந்நாட்டுச் சீருடையை அணிவது? எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்க 2003இலும் ஒரு சட்டம் இயற்றவேண்டியிருந்தது.