எஸ் சைஸ் குச்சி

அக்கா பையனுக்குப் பதிமூணு வயசு. முழுப்பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே ஆரம்பிச்சுட்டான். "மாமா, டிரம்ஸ் செட் வாங்கிக் குடு."

அக்கா வீடு பேசின் பிரிட்ஜ்ல. ரெண்டு ரூம், அஞ்சு பேர். டிரம்ஸ் செட்டை வச்சா அக்காவும் மாமாவும் மாடிப்படியிலதான் படுக்கணும். "முதல்ல குச்சி வாங்குவோம்டா"ன்னு சமாதானம் பண்ணி ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கடைக்காரர் கண்ணாடி மேசை மேல ஒரு கொத்துக் குச்சியைப் போட்டார். 7ஏ, 5ஏ, 5பி, 2பி. "ஏ-ன்னா என்னண்ணா?"ன்னு பையன் கேட்டான். "ஏ கிரேடு தம்பி. பி கொஞ்சம் மட்டம்."

அவர் சொன்னது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். கடையில வச்சு வாய் திறக்கல. வீட்டுக்கு வந்து பையனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவா எழுதறேன்.

இந்த எழுத்துகளைக் கொண்டுவந்தது அமெரிக்காவுல லுட்விக் கம்பெனி. அதுல தரம் கிரம் எதுவும் கிடையாது. குச்சி எங்கே வாசிக்கறதுக்குங்கறதுதான் கணக்கு. பி-ன்னா பேண்டு. எஸ்-ன்னா ஸ்ட்ரீட், அதாவது தெரு. தெருவுல அணிவகுத்துப் போறவங்களுக்கான தடிக்குச்சி. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓ-ன்னு போட்டிருக்கணும். குச்சி மேல ஓ அச்சடிச்சாப் பார்க்க நல்லா இல்லைன்னு ஏ போட்டுட்டாங்கன்னு சொல்றாங்க. எண் கூடக் கூடக் குச்சி மெலியும். இன்னிக்கு விக் ஃபர்த் கம்பெனி 5ஏ சுமார் 14.4 மில்லிமீட்டர் தடிமன், 7ஏ 13.7, 2பி 16. 3எஸ் அதைவிடத் தடி, நீளமும் கூட. மத்த கம்பெனிகளோட 5ஏ கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? கடைக்காரர் போட்ட கொத்துல எஸ் இல்லவே இல்ல. புதுசாக் கத்துக்கறவனுக்கு யாரும் எஸ் காட்டறதில்ல. ஆனா பேசின் பிரிட்ஜ்ல பொறந்த பையன் காதுல முதல்ல விழற தாளம் தெருத் தாளம்தான். மூலக்கொத்தளம் சுடுகாடு பக்கத்துலயே இருக்கு. 1939ல இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல சிறை போய் இறந்த நடராசனையும் தாளமுத்துவையும் அடக்கம் பண்ணின அதே மூலக்கொத்தளம். பூப்பல்லக்குக்கு முன்னாடி சட்டி, டோல், பறைன்னு போகும். எங்க பையன் கைக்குழந்தையா இருந்தப்ப அந்தச் சத்தத்துல அசந்து தூங்குவான். நின்னாத்தான் எழுந்து அழுவான் :-)

டிரம்ஸ் செட்னு நாம சொல்றதே பல ஆளைப் பிடிச்சு ஒரே நாற்காலியில உட்கார வச்ச சமாச்சாரம்தான். பழைய பட்டாளப் பேண்டுல பெரிய மேளத்துக்கு ஒருத்தன், சின்ன மேளத்துக்கு ஒருத்தன், ஜால்ராத் தட்டுக்கு ஒருத்தன். 1909ல லுட்விக் வேகமா அடிக்கக்கூடிய கால் பெடல் ஒண்ணு கொண்டுவந்தார். பெரிய மேளத்தைக் காலே பார்த்துக்கிச்சு, கை ரெண்டும் மத்ததுக்கு மிச்சம். எங்க தெருவுல மட்டும் இன்னிக்கும் பழைய ஏற்பாடுதான். டோலுக்கு ஒருத்தர், சட்டிக்கு ஒருத்தர்.

அந்த செட் வடசென்னைக்கு ரொம்ப நாள் முன்னாடியே வந்துடுச்சு. 1856ல ராயபுரத்துலேருந்து தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்புச்சு. ராயபுரம், பெரம்பூர் பக்கமெல்லாம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறினது ரயில்வே வேலையை ஒட்டித்தான். ரயில்வே இன்ஸ்டிடியூட்ல கிறிஸ்துமஸுக்கு, புதுவருஷத்துக்கு நடனம் உண்டு, நடனம்னா பேண்டு உண்டு. சினிமாப் பக்கம் எம்.எஸ்.வி. குழுவுல நோயல் கிராண்ட் டிரம்ஸ் வாசிச்சார். அவரைத் தன் ஆதர்சம்னு சொல்றவர்தான் டிரம்ஸ் சிவமணி. அவர் கையில சூட்கேஸும் சமையல் பாத்திரமும் வாத்தியமா மாறினதைப் பார்க்காதவங்க யாரு? 2019ல அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

சரி, குச்சிக்கு வருவோம். அமெரிக்கக் குச்சி பெரும்பாலும் ஹிக்கரி மரம். அடியோட அதிர்ச்சியை வாங்கிக்கும், சட்டுனு உடையாது. மேப்பிள் லேசு, ஓக் கனம். நுனியில நைலான் மாட்டின குச்சி 1958ல ஜோ கலாட்டோங்கறவரோட வேலை. மரநுனி சிராய் சிராயாப் பேந்து போறதுக்கு அவர் கண்ட வைத்தியம் அது. தட்டுல அடிச்சா ணங்குனு கேட்கும். கத்துக்குட்டிக்கு மரநுனியே போதும்.

பறைக்கு வாங்க. வலது கையில அடிக்குச்சி: குட்டை, தடி, சுமார் 18 சென்டிமீட்டர். இடது கையில சுண்டுக்குச்சி: மூங்கில்ல சீவின மெல்லிய பட்டை, சுமார் 28 சென்டிமீட்டர். ரெண்டு கைக்கும் ரெண்டு வேற குச்சி, ரெண்டு வேற வேலை. சட்டி மேளம் கழுத்துலேருந்து இடுப்புக்குத் தொங்கும், அதை வளையற ரெண்டு மெல்லிசுக் குச்சியால அடிப்பாங்க. அந்த வேகத்தை 2பி வச்சு அடிச்சுப் பாருங்க, மணிக்கட்டு கழண்டுடும்.

தோல் விஷயத்துல மட்டும் ரெண்டு உலகமும் ஒண்ணாச்சு. முன்னாடி அங்கே கன்னுக்குட்டித் தோல், இங்கே மாட்டுத்தோல். ஈரக்காத்து பட்டாத் தொய்யும். அதனாலதான் பறையை நெருப்புல காட்டறது. 1956ல எவன்ஸ், 1957ல ரெமோன்னு பிளாஸ்டிக் தோல் கடைக்கு வந்துச்சு. மழையில நனைஞ்சாலும் கவலையில்ல. இப்போ பறையிலயும் ஃபைபர் வந்தாச்சு. சத்தம் கணீர்னு இருக்கு, ஆனா காய்ச்சின தோலோட அந்தக் கம்மல் குரல் அதுல வராது. எனக்குப் பழசுதான் பிடிக்கும். தூக்கிட்டு நடக்கறவங்களைக் கேட்டா வேற பதில் வரலாம்.

கடைசியில பையனுக்கு என்ன வாங்கினேன்? ஒரு ஜோடி 7ஏ. அவன் கை சின்னது. பெரிய கைன்னா 5ஏ. "தடியா வாங்குங்க, கை பலமாகும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கண்ணாடி மேசை மேல உருட்டிப் பார்த்தேன். தள்ளாடின ரெண்டை ஒதுக்கினேன். ஒண்ணொண்ணா மேசையில தட்டி, ஒரே சுருதியில பேசற ரெண்டை ஜோடி சேர்த்தேன். விக் ஃபர்த்ங்கற ஆள் பாஸ்டன் சிம்பொனியில டிம்பனி வாசிச்சவர், 1963ல குச்சி செய்ய ஆரம்பிச்சவர். அவர் கம்பெனி பேர் வாங்கினதே இப்படி எடையும் சுருதியும் பார்த்து ஜோடி சேர்த்ததாலதான். மர ரேகை நுனி வரைக்கும் நேரா ஓடணும், குறுக்கே வெட்டிட்டுப் போனா அங்கேதான் உடையும்.

கூடவே ஒரு பேட்: பலகை மேல ரப்பர் ஒட்டினது, 12 அங்குலம். ஸ்டூல் மேல வச்சா ஸ்டாண்டும் வேண்டாம். தலையணையில அடிச்சுப் பழகலாமான்னா, எப்பவாவது சரி. தலையணை குச்சியைத் திருப்பி எறியாது. குச்சி தானா எழும்பறதைக் கை புரிஞ்சுக்கறதுதான் பாதிப் படிப்பு. அமெரிக்காவுல 1933ல ஒரு டிரம்மர் சங்கம் 13 அடிப்படைப் பாடம்னு முறைப்படுத்தினாங்க, 1984ல அது 40 ஆச்சு. பையனுக்கு இப்போதைக்கு மூணு: வலது இடது மாத்தி மாத்தி ஒவ்வொண்ணு. அப்புறம் வ வ இ இ. அப்புறம் வ இ வ வ, இ வ இ இ. செல்போன்ல மெட்ரோனோம் 60ல. அவ்ளோதான் முதல் மாசம்.

பிரச்சினை வேற இடத்துலேருந்து வந்துச்சு. தெருக்கோடியில சட்டி வாசிக்கற அண்ணன் ஒருத்தர் இருக்கார். "அவர்கிட்டயே கத்துக்கட்டுமே"ன்னு சொன்னேன். அம்மா பொங்கிட்டாங்க. "சாவுக்கு அடிக்கறவன்கிட்டயா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க? கீபோர்டு கிளாஸுக்கு அனுப்பு."

அம்மாவை மட்டும் குத்தம் சொல்ல முடியல. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்ல தெய்வத்தோட, உணவோட பறையையும் சேர்க்குது. அப்படிப்பட்ட வாத்தியம் பின்னால ஒரு சாதி மேல சுமத்தின கட்டாய வேலையா ஆச்சு. சாவுக்கு இவங்கதான் அடிக்கணும். அதனாலதான் காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் மாதிரி தலைவர்கள் பறையடிக்க மறுக்கற போராட்டம் நடத்தினாங்க. மறுத்தது தாளத்தை இல்ல, கட்டாயத்தை. அடுத்த தலைமுறை அதே பறையைத் தானா விரும்பிக் கையில எடுத்துச்சு. 2018 ஜனவரியில கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறினப்ப கானாவோட பறையும் சட்டியும் டிரம்ஸ் செட்டும் ஒரே மேடையில நின்னுச்சு. 2025ல மதுரைப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. சிவமணிக்குக் கொடுத்த அதே விருது.

இதையெல்லாம் அம்மாகிட்டச் சொன்னேன். "விருது வாங்கினவர்கிட்ட அனுப்பு, வேணாங்கல"ன்னாங்க. என்னத்தச் சொல்ல.

போன ஞாயித்துக்கிழமை பையன் பேடைத் தூக்கிட்டு அவனே போய் அந்த அண்ணன் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துட்டான். நான் தேடிப் போனப்ப அவர் 7ஏ ஒண்ணை விரல்ல வச்சு ஆட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"இன்னா சார், இம்மாம் கனமா கீது? இத்த வச்சுக்கினு எப்டி நட தூரம் அடிக்கிறது?"

"இது உட்கார்ந்து அடிக்கற குச்சிண்ணே"ன்னான் பையன்.

அவர் சிரிச்சுட்டு தன் குச்சி ரெண்டை எடுத்தார். பேடு மேல வ வ இ இ. மெதுவாத்தான் ஆரம்பிச்சார். அரை நிமிஷத்துல குச்சி கண்ணுக்குத் தெரியல. பையன் மெட்ரோனோமை ஆஃப் பண்ணிட்டான்.