சின்சில்லாவும் அதன் தின்பண்டமும்

சின்சில்லா என்னும் சிறு பிராணிக்குத் தாயகம் தென் அமெரிக்காவின் அண்டீஸ் மலை. பட்டுப்போன்ற அதன் உரோமமே அதற்குப் பகையாயிற்று. வேட்டை மிகுந்து இனம் அருகவே, 1910ஆம் ஆண்டில் சிலி, பொலிவியா, பெரு, ஆர்ஜென்டீனா ஆகிய நாடுகள் அதனைக் காக்க உடன்படிக்கை செய்தன.

1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற சுரங்கப் பொறியியலாளர் 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவிற்குக் கொண்டுசென்றார். மலைக் குளிரில் வாழ்ந்தவற்றைச் சிறிது சிறிதாகச் சமவெளிக்கு இறக்கிப் பழக்கினார். கப்பலிலே பனிக்கட்டி வைத்துக் காத்தார். இன்று வீடுகளில் வளர்பவற்றுட் பெரும்பாலானவை அவற்றின் வழித்தோன்றல்களே.

மலையை விட்டு வந்தும் அவற்றின் குடல் மாறவில்லை. முரட்டுப் புல்லைச் செரிக்கவே அது அமைந்தது. பற்களோ வாழ்நாள் முழுவதும் வளர்வன. புல்லை அரைத்தே அவை தேயவேண்டும். முன்னாளில் பலர் உலர்திராட்சையை அன்போடு ஊட்டினர். அதிலுள்ள சர்க்கரை குடலையும் பல்லையும் கெடுக்கும் என்று இன்று மிருக வைத்தியர்கள் எச்சரிக்கின்றனர்.

ஆகவே, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இப்பிராணியை வளர்க்க விழைவோர் வாழைப்பழம், கச்சான், பிஸ்கட் முதலியவற்றை அதற்கு நீட்டலாகாது. நாள்தோறும் உலர்புல்லும் தூய நீரும் வேண்டும்; இடையிடையே மருந்து தெளிக்காத ரோஜாவின் உலர்ந்த இதழ் ஒன்றிரண்டு போதும். கொழும்பின் வெப்பத்தை அது தாங்காது. குளிர்ந்த அறை அளிக்க இயலாதவர் அதனை வளர்க்காதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.