மூலம் தொலைந்த பிரதி

ரோலன் பார்த் 1967-இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். தமிழில் அதைப் பற்றி நாம் பேசித் தீர்த்தாயிற்று. ஆசிரியன் செத்தால் பிரதி வாசகனுக்கு விடுதலையாகிவிடும் என்றொரு குதூகலம் அந்தப் பேச்சில் இருந்தது. 1998-இல் சென்னையில் நான் பார்த்த வேலை அந்தக் குதூகலத்தைக் குலைத்துப்போட்டது.

ஒய்2கே வேலை. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த கோபோல் நிரல்களை 2000-க்கு முன் திருத்தியாக வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஐபிஎம் மெயின்பிரேமில் வட்டி கணக்கிட்டுவந்த ஒரு நிரலுக்கு மட்டும் மூலம் வரவில்லை.

"சோர்ஸ் எங்க சார்?"

"தொலைஞ்சுபோச்சாம்ப்பா. ஆனா தெனம் ராத்திரி ஓடுதாம்."

கம்பைலர் மூல நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும்போது பெயர்களையும் குறிப்புகளையும் உதிர்த்துவிடுகிறது. 'கடன் முதிரும் ஆண்டு' என்று ஒருவர் பெயரிட்டது, இன்ன முகவரியில் இரண்டு பைட் என்றாகிறது. செயல் மிஞ்சும், ஏன் என்பது மிஞ்சாது. அச்சடித்த தாள்களில் நாங்கள் எஃப்9-ஐத் தேடினோம். இரு தசம எண்களை ஒப்பிடும் கட்டளை அது. ஆனால் அந்த எந்திரத்தின் எப்சிடிக் குறியீட்டில் 9 என்கிற எழுத்துக்கும் அதே எஃப்9தான். கட்டளையா, வெறும் எழுத்தா? கட்டளையென்றால் ஒப்பிடுவது ஆண்டையா, தொகையையா? தப்பாக வாசித்தால் யாரோ ஒருவர் கணக்கில் வட்டி தப்பும். பன்முக வாசிப்புக்கு அங்கே இடமில்லை.

பழங்கதை என்று தள்ள வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆஃபீசில் சமன்பாடு எழுத டிசைன் சயன்ஸ் நிறுவனத்தின் சிறு நிரல் ஒன்று இருந்தது. 2007-இல் புதிய வசதி வந்த பிறகும், பழைய ஆவணங்களுக்காக, 2000 நவம்பரில் கம்பைல் செய்த கோப்பே கூட வந்தது. எழுத்துருவின் பெயர் நீண்டால் நினைவகம் வழிந்து அந்நியர் கட்டளைக்கு வழிவிடும் ஓட்டை 2017-இல் அம்பலமானது. நவம்பரில் வந்த திருத்தத்தை ஸீரோபேட்ச் குழுவினர் பிரித்துப் பார்த்தார்கள். செயற்கூறுகளெல்லாம் பழைய முகவரிகளிலேயே இருந்தன. மறுபடி கம்பைல் செய்திருந்தால் அப்படி அமைவது அரிது. யாரோ பைட்டுகளைக் கையாலேயே மாற்றியிருக்கிறார்; நீளத்தைச் சோதிக்கும் கட்டளைகளுக்கு இடம் வேண்டி, அருகிலிருந்த நகலெடுக்கும் கட்டளைகளைச் சுருக்கியிருக்கிறார் என்பது அவர்கள் முடிவு. 2018 ஜனவரியில் அந்த நிரலையே நீக்கிவிட்டார்கள்.

'தொலைந்தது' என்ற சொல் விபத்துபோல ஒலிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடும் கோப்பைக் காக்க ஆளும் இடமும் எப்போதும் இருந்தன. மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்து மட்டும், ஓட ஆரம்பித்ததும் வேண்டாத செலவாகிவிடுகிறது. முதலாளியத்தின் ஆவணக்காப்பகம் விளைபொருளை வைத்துக்கொண்டு உழைப்பின் தடத்தை உதறுகிறது. 2000 ஜனவரி 1 அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் பூச்சாண்டி என்றார்கள். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவர்களை எந்த வரலாறு எழுதும்?

வட்டி நிரலில் சூப்பர்சாப் கொண்டு சில பைட்டுகளை மாற்றினோம்: 50-க்குக் குறைந்த ஆண்டென்றால் புது நூற்றாண்டு. எந்த முகவரியில் எதை, ஏன் மாற்றினோம் என்று இருநூறு பக்க நோட்டில் எழுதிவைத்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் அதையும் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அதான் ஓடுதுல்ல? விடுப்பா."

அலுவலகம் இடம் மாறியபோது நோட்டு பழைய பேப்பரோடு போயிற்று. அந்த நிரல் இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள் எங்கள் 50 இருக்கும். ஏன் 50 என்பது இருக்காது.