ஆறு திங்களில் ஒரு கையொப்பம்

கொங்கு நாட்டுக் கத்தோலிக்கருக்குப் பிரெஞ்சுக்காரர் என்றதும் நினைவுக்கு வருபவர்கள் மறைப்பணியாளர்களே. பாரிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மறைபரப்புச் சபையின் குருக்கள் கடல் கடந்து வந்து, நம் ஊர்களில் ஆலயங்கள் எழுப்பினர். திருமுழுக்குப் பதிவேடுகளைத் தொடங்கினர். கோவை 1850-ஆம் ஆண்டு தனி மறைவட்டமாயிற்று. 1886-இல் மறைமாவட்டமாக உயர்ந்தது. ஆங்கிலேயர் ஆண்ட நம் பகுதியில் அக்குருக்கள் பிரெஞ்சு நாட்டவராகவே வாழ்ந்தனர்.

ஆனால், கடலையே கடக்காமல், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு வாழ்ந்த பிரெஞ்சு நாட்டவரும் இருந்தனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இன்றும் இருக்கின்றனர். அவர்களது கடவுச்சீட்டு எப்படி வந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், பிரெஞ்சுக் கடவுச்சீட்டை ஒரு பயணச்சீட்டைப்போல் எண்ணும் போக்கு நம்மிடையேயும் காணப்படுகிறது.

1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, பிரெஞ்சிந்தியாவில் வாழ்ந்த ஒருவர், தம் சமய, சாதி மரபு வழிவந்த குடும்பச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம். இவர்களை 'ரெனோன்சான்', அதாவது துறந்தவர், என்றழைத்தனர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இவ்வாறு துறந்து, 'லப்போர்த்' என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களும் கத்தோலிக்கரும் பெருமளவில் இவ்வழியைத் தேர்ந்தனர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவில் அரசுப் பணிக்கும் படைப்பணிக்கும் பலர் சென்றனர். ஒருமுறை துறந்தபின் மீள வழியில்லை. கணவர் இடும் கையொப்பம் மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது என்பது ஈண்டு கருதத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1946-இல், பிரான்சின் கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளில் வாழ்ந்த அதன் நாட்டவர் அனைவரும் குடிமக்களாக அறிவிக்கப்பட்டனர். துறந்தவர், துறவாதவர் என்ற வேறுபாடு அங்கே தடையாக நிற்கவில்லை. ஆனால் காலம் விரைந்து மாறியது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள்தான் அது நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தின்படி, பிரெஞ்சிந்தியாவில் பிறந்து அங்கேயே வாழ்ந்துவந்த பிரெஞ்சு நாட்டவர் அன்றே இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையை விடவேண்டாம் என்று விரும்பியவர் ஆறு திங்களுக்குள் எழுத்து வடிவில் அறிக்கை தரவேண்டும். புதுச்சேரியிலோ காரைக்காலிலோ பிறந்து, கோவை போன்ற இந்திய நகரங்களில் குடியிருந்தவருக்கும் இதே விதி பொருந்தியது. பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் தெரிவே முடிவு செய்தது. ஏறத்தாழ 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர். கையொப்பமிடாதோர் அனைவரும் இந்தியராயினர். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் பிரெஞ்சு நாட்டவர், தம்பி இந்தியர் என்ற நிலை பல இல்லங்களில் உருவாயிற்று. அண்ணனுக்குப் பாரிசில் வாக்கும் பணியும் ஓய்வூதியமும். தம்பிக்கோ பிரான்சில் கால்வைக்கவே விசா வேண்டும்.

இன்று இவ்வுரிமை குருதி வழியே இறங்குகிறது. தாய் தந்தையருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டவராயின் பிள்ளையும் அவ்வாறே. ஆனால் வாயால் சொன்னால் போதாது, பத்திரம் பேசவேண்டும். அயல்நாடுகளில் நிகழும் பிரெஞ்சு நாட்டவரின் பிறப்பும் திருமணமும் பிரான்சிலுள்ள நாந்த் நகரப் பதிவகத்தில் ஏறவேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேல் குடும்பம் அயல்நாட்டிலேயே தங்கி, பெற்றோரும் பிள்ளையும் பிரெஞ்சு நாட்டவராக நடத்தப்படாதிருந்தால், மூதாதையரைக் காட்டி உரிமை கோர அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. பாட்டனார் பிரெஞ்சுப் படையில் 'சொல்தா'வாக இருந்தார் என்பது மட்டும் பேரனுக்குக் கடவுச்சீட்டாகிவிடாது. கடவுச்சீட்டு குடியுரிமையைத் தருவதில்லை. இருக்கும் குடியுரிமையைக் காட்டுகிறது. அது வயதுவந்தோர்க்குப் பத்தாண்டும் சிறுவர்க்கு ஐந்தாண்டும் செல்லும்.

இன்னொன்றும் மறத்தலாகாது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இன்று ஓர் இந்தியர் தாமாக விரும்பிப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றால், அக்கணமே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்கவேண்டும். பிறந்த ஊருக்கு வரவும் விசா வேண்டும். அல்லது 2005-இல் நடைமுறைக்கு வந்த வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வேண்டும். அவ்வட்டை உடையவர் இங்கே வாக்களிக்க இயலாது. விளைநிலம் வாங்கவும் இயலாது. தோட்டத்தையும் காட்டையும் உயிராக எண்ணும் கொங்கு மக்கள் இதனை நன்கு எண்ணிப் பார்க்கவேண்டும்.

புனித பவுலைச் சாட்டையால் அடிக்க முற்பட்டபோது, தாம் உரோமைக் குடிமகன் என்றார் அவர். படைத்தலைவனோ தான் பெரும் பணம் கொடுத்து அவ்வுரிமையை வாங்கியதாகச் சொன்னான். பவுல் அதனைப் பிறப்பிலேயே பெற்றிருந்தார். உரிமையைப் பயன்படுத்துவது குற்றமன்று என்பதற்குப் பவுலே சான்று. ஆனால் அதனைச் சந்தைப் பொருளாக்கி, கடவுச்சீட்டுக்காகவே ஒரு பெண்ணையோ ஆணையோ மணம் பேசுவது திருவருட்சாதனத்தையே விலைபேசுவதாகும். அத்தகைய தரகர்களுக்கு நம் இல்லங்களின் கதவு அடைபட்டிருக்கட்டும்.

1962-இல் தந்தையர் இட்ட கையொப்பமும் இடாமல் விட்ட கையொப்பமும் பேரப்பிள்ளைகள்வரை நீள்கின்றன. அவர்களுக்கு ஆறு திங்களே இருந்தன. நமக்கோ ஆற அமர எண்ணிப் பார்க்கக் காலம் இருக்கிறது. பிறப்பு, திருமணப் பதிவுகளை எழுத்துப் பிழையின்றிப் பேணுவோம். வேற்றுநாட்டுக் குடியுரிமை வேண்டிக் கையொப்பமிடுமுன், அது நம் பிள்ளைகளை எந்நாட்டின் மக்களாக்கும் என்பதை அப்பிள்ளைகளையும் அமர்த்திப் பேசியபின் முடிவு செய்வோம்.