ஆனைகட்டி மலையில் எழுந்த பாட்டு

கோயம்புத்தூருக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், தமிழகமும் கேரளமும் கைகோத்து நிற்கும் மலையடிவாரத்தில் ஆனைகட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. அதற்கு அப்பால் விரிவது பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இரு பக்கமும் சென்னை ராஜ்யத்தின் பகுதிகளே. அன்று நிலத்தின் மீது எல்லைக்கோடு விழுந்தது. பாட்டின் மீது அது விழவில்லை.

அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் என மூவகைப் பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்களுள் இருளர் பேசும் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவுடையது. தனக்கென எழுத்து இல்லாதது. ஆகவே அவர்களுடைய நூலகம் அவர்களுடைய பாட்டே எனலாம். பிறப்புக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் பாட்டும் ஆட்டமும் உண்டு. பொறை, தவில், குழல், ஜால்ரா ஆகியவை அவர்களுடைய வாத்தியங்கள்.

இந்தச் செல்வம் ஊர் வட்டத்தோடு மறைந்துவிடாமல் மேடைக்கு வர வேண்டும் என்று முயன்றவர் பழனிசாமி என்னும் இருளர் கலைஞர். அவர் நடத்திய ஆசாத் கலா சங்கம் என்ற குழுவில் பாடி வந்தவர் நஞ்சியம்மா. ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த அம்மூதாட்டி, பள்ளியிலோ குருவிடமோ இசை பயின்றவர் அல்லர். முன்னோர் வாய்மொழியே அவருக்குப் பாடம்.

அட்டப்பாடியைக் களமாகக் கொண்டு ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தை எடுத்த இயக்குநர் சச்சி, பழனிசாமியின் வழியே இக்குரலைக் கேட்டார். இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜாயோ, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். ‘கலக்காத்த’ என்ற பாட்டின் சொற்களை நஞ்சியம்மாவே கட்டினார். ஒலிப்பதிவுக் கூடத்தின் மின்னிசை அக்குரலைச் சூழ்ந்து நின்றது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் படம் வெளிவந்தது. பொருள் முழுதும் விளங்காதவர்களும் அப்பாட்டை முணுமுணுத்தனர். அதே ஆண்டு ஜூனில் சச்சி காலமானார்.

2022-ஆம் ஆண்டு ஜூலையில் 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த பின்னணிப் பாடகி விருது நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. ‘சுருதிக்கு இசைந்து வேறொரு திரைப்பாட்டை இவரால் பாட முடியுமா?’ என்று சிலர் வினவினர். இசைத்துறையினர் பலர் அவருக்குத் துணை நின்றனர். அவ்வினாவைத் திருப்பிக் கேட்டால் விடை எளிதாகிறது: பல்லாண்டு பயின்ற பாடகர் ஒருவர், இருளர் பாட்டை நஞ்சியம்மா போலப் பாட இயலுமா? ஒவ்வோர் இசைக்கும் அதனதன் அளவுகோல் உண்டு. மின்கருவிகள் குரலைத் தொலைவுக்குக் கொண்டு செல்லும். அந்தக் குரல் விளைவதோ ஊர்க் கூட்டத்தின் நடுவில்.

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு நெருக்கமானது. நம் பிள்ளைகளில் பலர் தமிழைப் பேசுகின்றனர், எழுத அறியார். எழுத்தே இல்லாத ஒரு மொழியை ஆனைகட்டி மலைமக்கள் பாடியே காத்து வந்திருக்கின்றனர். பாட்டி பாடிய தாலாட்டு ஒன்றேனும் நம் வீட்டில் இன்றும் ஒலிக்கிறதா என்று இன்றிரவு நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.