மூன்று சரத்துகளும் டோரோ நதிக்கரையும்

1703-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, லிஸ்பன் நகரில், இங்கிலாந்தின் தூதராகிய ஜான் மெத்யூன் போர்ச்சுகல் அரசரின் பிரதிநிதியோடு கையொப்பமிட்ட வர்த்தக உடன்படிக்கையில் இருந்தவை மூன்றே சரத்துகள். ஆங்கிலேயரின் கம்பளித் துணிகளுக்கு விதித்திருந்த தடையைப் போர்ச்சுகல் நீக்க வேண்டும். அதற்குப் பிரதியாக, பிரெஞ்சுத் திராட்சை மதுவுக்கு வாங்கும் வரியில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தே போர்ச்சுகல் மதுவுக்கு இங்கிலாந்து வரி வாங்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். பிரான்சோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்நாளில், பகைவனின் மதுவை ஒதுக்கி நண்பனின் மதுவை அருந்துவது ஆங்கிலேயர்க்கு ராஜதந்திரமாகவும் தேசபக்தியாகவும் ஒருங்கே அமைந்தது.

இச்சலுகையின் பலனை அநுபவித்தது போர்ச்சுகலின் வடபகுதியிலுள்ள டோரோ நதிப் பிரதேசம். பாறையும் சரிவுமாய்க் கிடந்த குன்றுகளை உடைத்து, கல்லடுக்கிப் படிப்படியாக வரப்புக் கட்டி, கொடிகளை நட்டு வளர்த்த குடியானவர்களின் மது, பீப்பாய்களில் படகேறி நதிவழியே இறங்கிப் போர்ட்டோ துறைமுகத்தை அடைந்து, அங்கே கிடங்கு வைத்திருந்த ஆங்கில வணிகர்களின் கைக்கு மாறியது. வாங்குகிறவன் ஒருவனே என்றால் விலை சொல்லுகிறவனும் அவனே அல்லவா? தேவை பெருகப் பெருக, தரமற்ற மதுவில் எல்டர் என்னும் செடியின் கனிச்சாற்றைக் கலந்து நிறமேற்றும் மோசடியும் பெருகியது, லண்டனில் சரக்கின் பெயர் கெட்டது, விலை சரிந்தது, நஷ்டம் முழுவதும் மலைச்சரிவில் இருந்தவன் தலையில் விழுந்தது.

அப்போதுதான் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு, 1756-இல் ஒரு கம்பெனியை நிறுவி, உயர்ந்த மது விளையும் நிலத்துக்குக் கருங்கல் நட்டு எல்லை வகுத்து, எல்டர் செடிகளைப் பிடுங்கி எறியவும் கட்டளையிட்டார். கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து மறு ஆண்டே போர்ட்டோவில் எழுந்த கலகத்தை அவர் தூக்குக் கயிற்றால் அடக்கினார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மெத்யூனின் உடன்படிக்கையால் லாபம் போர்ச்சுகலுக்கே, நஷ்டம் பிரிட்டனுக்கே என்று பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் வாதித்தார். போர்ச்சுகல் யூத வம்சத்தில் வந்த டேவிட் ரிக்கார்டோவோ 1817-இல் இவ்விரு தேசங்களையே உதாரணமாகக் கொண்டு, மதுவை 80 பேர் உழைப்பாலும் துணியை 90 பேர் உழைப்பாலும், அதாவது இரண்டையும் இங்கிலாந்தைவிடக் குறைந்த உழைப்பால், ஆக்கவல்ல போர்ச்சுகலுக்குங்கூட, மதுவை விற்றுத் துணியை வாங்குவதே லாபம் என்று நிறுவினார். கணக்கில் பிழையில்லை. ஆனால், துணி வாங்கிய கடனைத் தீர்க்க மது விற்ற பணம் போதாமல் பிரேசில் நாட்டுத் தங்கம் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குப் போனதும், அயல்நாட்டார் வரிவிகிதத்தை நம்பி நட்ட கொடியை அவர்கள் மனம் மாறிய மறுநாளே பிடுங்கி வேறொன்றை நட முடியாது என்பதும் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

1831-இல் பிரிட்டன், தன் சொந்த நலனைக் கருதி, பிரெஞ்சு மதுவுக்கும் போர்ச்சுகல் மதுவுக்கும் ஒரே வரியை விதித்து அப்பழைய சலுகையை ஒழித்தது.